பூரணி சாகவில்லை, ஜெசி

என் தங்கமான ஜெசி,

நம் கேம் வெளியே வந்துவிட்டது. எந்தக் கதையாக இருந்தாலும் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நீ நிம்மதியாக உட்காருவாய். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

நேற்று கல்லறைத் திருநாள். காலையிலேயே உன் அம்மாவும் நானும் வந்து புல்லைப் பிடுங்கினோம், கல்லைக் கழுவினோம், சம்பங்கி மாலை போட்டோம். அங்கேயே உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அவர்களை லேசில் விடவில்லை. "எம் பொண்ணு எழுதின கேமுங்க. பேரு இரட்டை ஆறு. போன்லயே ஆடலாம். உங்க வீட்டுப் பிள்ளைங்கள எறக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றார். கல்லறைத் தோட்டத்தில் நின்று கேமுக்கு விளம்பரம் செய்தவர் இந்தத் திருச்சியில் வேறு யாரும் இருக்க முடியாது. நீ கேட்டிருப்பாய்தானே?

அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இணையத்தில் போடப்போகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நாம் பழகியதே ஒரு கேமால்தான். கல்லூரியில் முதல் வருடம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வருபவள். நல்ல மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், "எங்க வீடு பக்கம்தான், வாடி" என்று மேலப்புதூருக்கு இழுத்துக்கொண்டு போனாய். அம்மா தலை துவட்டத் துண்டு கொடுத்தார். மஸ்கட்டிலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்திருந்த கேம் பெட்டியை நீ டிவியில் மாட்டினாய்.

திரையில் ஒரு பையன் தூங்கி எழுந்தான். கீழேயிருந்து அவன் அம்மா கூப்பிட்டாள். வெளியே வந்தால் ஊரில் திருவிழா. எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

"பாரு, இந்த ஊரு எரியப் போகுது" என்றாய்.

"முன்னாடியே ஆடியிருக்கியா?"

"இல்லடி. இது மூணாம் பாகம். மொத ரெண்டுலயும் எரிஞ்சுது."

எரிந்தது. குதிரை வீரர்கள் வந்தார்கள், அவன் அம்மா செத்துப் போனாள், அவன் ஒரு வாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். என் கையில் டீ ஆறிப்போயிருந்தது. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வீரனையோ வீராங்கனையையோ நாமே நடத்திக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றி, துணைக்கு ஆள் சேர்த்து, பல நாள் ஆடி முடிக்கிற கதை இது. நாம் ஆடிய தொடரின் பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். நம் தொடர் என்றே சொல்லிவிடுகிறேன். பாகத்துக்குப் பாகம் உலகம் புதிது, மனிதர்கள் புதிது. ஆனால் நடப்பது பழையது. ஞாபகம் தப்பிய ஒருவன் வருவான், அவன்தான் தொலைந்துபோன இளவரசன். ராஜா நல்லவராக இருப்பார், மெல்லிய மீசை வைத்த மந்திரி கெட்டவராக இருப்பார். முகமூடி போட்ட கறுப்பு வீரன் கதாநாயகனுக்கு அண்ணனாகவோ அப்பனாகவோ இருப்பான். பாதிக் கதையில் பறக்கும் கப்பல் கிடைக்கும். உலகமே நாளைக்கு அழியப்போகிறது என்றாலும் கடைக்காரர் காசு வாங்காமல் மருந்து தரமாட்டார். கடைசியில் மந்திரியை அடித்து வீழ்த்தினால், செத்தவர் சிறகு முளைத்து மறுபடி எழுந்து வருவார்.

நாலாம் பாகமோ ஐந்தாம் பாகமோ முடிந்த சமயம். நீ எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாய். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது கேட்டேன். "அதே கதையத்தானேடி திரும்பத் திரும்பச் சொல்றான். நமக்கு ஏன் சலிக்கவே மாட்டேங்குது?"

"ஞாயித்துக்கிழமை எங்க பூசை எப்படி இருக்கும்? போன வாரம் மாதிரியேதான் இருக்கும். அதுக்காக யாராச்சும் போகாம இருக்காங்களா?" என்றாய். "உங்க ஊர்ல ஏகாதசிக்கு சொர்க்கவாசல் தெறக்கும்னு தெரியாதவங்க யாரு? ஆனாலும் அத்தன ஜனமும் குளிர்ல வந்து நிக்குதே. தெறக்கும்னு தெரிஞ்சாலும், தெறக்கிறப்ப பாக்கணும்டி."

"அப்ப இதெல்லாம் சடங்குங்கிற?"

"எல்லாத்தையும் சொல்லல. சிலது சடங்கு. சிலது வெறும் சோம்பேறித்தனம். எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும்."

அந்தப் பிரிப்பைத்தான் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தாய், இல்லையா? நீ பள்ளிக்கூடத்தில் காமர்ஸ் டீச்சர் ஆனாய். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தேன். ஆனாலும் சனிக்கிழமை என்றால் மேலப்புதூர்தான். ஊர் எரிவது சடங்கா சோம்பேறித்தனமா என்று நாம் போட்ட சண்டையில் அம்மா எத்தனை முறை தோசையைக் கருகவிட்டிருப்பார்!

நாம் ஆடுவதை அப்படியே பதிவு செய்து, தமிழில் பேசிப் போடலாம் என்பது உன் யோசனை. ஆங்கிலத்தில் ஓடும் வசனத்தையெல்லாம் நீ அங்கேயே தமிழில் பேசுவாய். ராஜாவுக்குச் செந்தமிழ். திருடனுக்குக் காந்தி மார்க்கெட் தமிழ். டிராகனுக்கு உன் தலைமை ஆசிரியையின் குரல். அந்த அம்மாள் மட்டும் கேட்டிருந்தால் உன் வேலை போயிருக்கும். சிரித்துக்கொண்டு "உம்" கொட்டுவது என் வேலை. பெரிய கூட்டமெல்லாம் சேரவில்லை. ஆனால் சேர்ந்தவர்கள் போகவில்லை.

பிறகு உனக்கு நோய் வந்தது. அதே பருவத்தில்தான் நம் தொடரின் ஒன்பதாம் பாகமும் வந்தது. சிகிச்சைக்குப் போய்வந்த களைப்பிலும், தலையில் அந்த நீலத் துணியைக் கட்டிக்கொண்டு, "மெஷினைப் போடுடி, எனக்கு ஒண்ணுமில்ல" என்பாய். ஒன்பதாம் பாகத்தின் மருத்துவச்சியை உனக்கு முதல் காட்சியிலிருந்தே பிடித்துப்போனது. ஹீலர் என்பார்கள். சண்டை போடமாட்டாள், கூட வருகிறவர்களின் காயத்தை ஆற்றுவாள். எந்தப் பாகமானாலும் ஹீலர் பெண்தான். வெள்ளை உடைதான். சாந்தமான முகம்தான்.

கதை மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் அவள் கதாநாயகனுக்கு முன்னால் பாய்ந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். அவன் மடியில் கிடந்து சிரித்தாள். கண்ணை மூடினாள். அவள் உடம்பிலிருந்து கிளம்பிய வெளிச்சம் அவன் வாளுக்குள் போய்ச் சேர்ந்தது. வாள் மின்னியது.

நீ கன்ட்ரோலரைக் கீழே வைத்தாய்.

"ஏன்டி எப்பவும் இவளையே சாகடிக்கிறானுங்க?"

"கதைக்கு ஒரு கனம் வேணும்ல" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"என்ன கனம்? இத்தன நேரம் எல்லாருக்கும் கட்டுப் போட்டா. அவளுக்கு என்ன புடிக்கும்னு எவனாச்சும் கேட்டானா? சோறு தின்னியான்னாச்சும் கேட்டானா? செத்தா, ஒடனே இவன் வாள் மின்னுது. அவ சாவு இவனுக்கு பேட்டரி. அவ்வளவுதான் அவளுக்கு மரியாதை." மூச்சு வாங்கியது உனக்கு. நிறுத்தவில்லை. "ஹீலரை ஏன் சாகடிக்கிறானுங்க தெரியுமா? அவ இருந்தா காயம் ஆறிடும். காயம் ஆறிட்டா கதைய இழுக்க முடியாது. இது சடங்கு கிடையாது சுமதி. இது சோம்பேறித்தனம்."

இதெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. "வெட்டிடவா?" என்று கேட்டேன். "முழுசா போடு" என்றாய். மெஷினை அணைத்த பிறகு என்னிடம் மட்டும் இன்னொன்று சொன்னாய். "நான் போனப்பறம், 'அவ சாவுதான் எனக்கு சக்தி குடுத்துச்சு'ன்னு எவன்கிட்டயாச்சும் போய்ப் பேசினே, வந்து அறைவேன்."

அந்தப் பதிவு நாம் போட்ட எதுவும் போகாத தூரத்துக்குப் போனது. அதைக் கேட்டுவிட்டுத்தான் சென்னையிலிருந்து நவீன் கூப்பிட்டார். வாடகை வீடு ஒன்றில் நண்பர்கள் சேர்ந்து கேம் செய்கிறவர்கள். தமிழிலேயே ஒரு கேம், நம் தொடர் மாதிரி நீளமான கதையோடு வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் எழுதுவீர்களா என்று கேட்டார்.

நீ போனை ஸ்பீக்கரில் போட்டாய். "எழுதறோம் தம்பி. ஒரே ஒரு கண்டிஷன். ஹீலர் சாகக் கூடாது."

"அவ்வளவுதானேக்கா? சரிங்க்கா" என்று சிரித்தார் நவீன். எதற்குச் சரி சொல்கிறோம் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீ எழுதிய அந்த மாதங்களை நான் இப்போது நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது ஜெசி. முதல் காட்சியிலேயே நவீனைத் திணறடித்தாய். திருவிழா, சிரித்த முகங்கள் எல்லாம் உண்டு. "ஆனா நம்ம பக்கம் ஊரு எரியாது தம்பி. தண்ணி வரும். கொள்ளிடம் பெருகினா வீட்டுக்குள்ள வந்துட்டு, அது பாட்டுக்குப் போயிடும். அப்பறம் நாமதான் சேறு அள்ளணும்" என்றாய். வாளுக்குக் கை நீட்டிய கதாநாயகன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாய்.

"அக்கா, ஆட வர்றவங்க ஆரம்பத்துலயே சேறு அள்ளணுமா?" என்று பரிதாபமாகக் கேட்டார் நவீன்.

"ஊரு எரிஞ்சா அவன் பழிவாங்க ஓடிடுவான். சேறு அள்ளினாத்தான் அது அவன் ஊராகும்."

பிறகு பூரணியை எழுதினாய். வெள்ளை உடை இல்லை, கசங்கிய காட்டன் புடவை. நடுத்தர வயது. முழங்கால் வலி. மலை ஏறச் சொன்னால் கதாநாயகனைத் திட்டுவாள். கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், அதை எல்லாரிடமும் சொல்வாள். காயத்தோடு வந்து "என்னை விட்டுவிடுங்கள், நான் பிழைக்கமாட்டேன்" என்று வீர வசனம் பேசுகிற படைவீரனிடம் அவள் சொல்கிற முதல் வசனம், "மொதல்ல உக்காரு. அப்பறம் சாகலாம்." அதை எழுதிவிட்டு நீயே சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாய். அம்மா உள்ளே இருந்து ஓடி வந்தார். வாசித்துக் காட்டினாய். "என்ன மாதிரியே பேசறாளே இவ" என்றார் அம்மா. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நீ போய்விட்டாய். அந்த நாளைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அங்கே நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். நமக்குத் தெரியும், போதும்.

சில மாதம் கழித்து நவீன் ரயிலேறி மேலப்புதூருக்கே வந்தார். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டெஸ்ட் பண்ணவங்க எல்லாரும் கடைசி சப்புன்னு இருக்குன்னு சொல்றாங்க. நம்ம கேம்ல மந்திரி விழறார், அதோட முடிஞ்சுடுது. நாங்க எல்லாம் உக்காந்து பேசினோம். பூரணி கடைசில உயிரைக் குடுத்து ஊரைக் காப்பாத்தட்டும். ஆத்தங்கரையில அவளுக்கு ஒரு சிலை. சிலைக்குக் கீழ ஜெசி அக்கா பேரு. அவங்களுக்கு நாம செய்யிற மரியாதையா இருக்கும்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை ஜெசி. அந்தப் பையனுக்கு உன்மேல் அவ்வளவு பிரியம்.

உனக்குத் தெரியும், நான் யாரிடமும் இல்லை என்று சொல்கிறவள் இல்லை. ஆபீசில் யார் வேலையைத் தள்ளிவிட்டாலும் வாங்கிக்கொள்வேன். நம் வீடியோக்களில்கூட எனக்கு "உம்"தான். ஆனால் அன்றைக்கு வாயில் முதலில் வந்தது அந்த "இல்லை"தான்.

"இல்ல நவீன். முடியாது."

"அக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"புரியுது. நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா ஜெசி செத்ததால எனக்கு ஒரு சக்தியும் வரல. எந்த வாளும் மின்னல. ஆபீஸ்ல தப்புத் தப்பா என்ட்ரி போட்டேன். பாலை அடுப்புல வச்சிட்டு மறந்து பாத்திரத்தைக் கருக்கினேன். ஒருத்தி செத்தா இன்னொருத்தர் பெரிய ஆளாயிடறது கேம்ல மட்டும்தான் நடக்குது. அதைத்தானே அவ சோம்பேறித்தனம்னு சொன்னா? அதைக் கேட்டுட்டுத்தானே நீங்க எங்களைத் தேடி வந்தீங்க?"

நவீன் உன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஜெசி அக்கா இல்லாதப்ப, பூரணி மட்டும் கடைசி வரைக்கும் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்கறது எனக்கே ஒரு மாதிரியா இருக்குக்கா. பாக்க முடியல."

எனக்கும் அப்படித்தானே இருந்தது?

அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா முன்னால் வந்தார். "தம்பி, யாரு சாகணும்ங்கறீங்க?"

நவீன் எழுந்து நின்றுவிட்டார். தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

அம்மா கோபப்படவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னார். "எம் பொண்ணு, சாகக் கூடாதுன்னு தன் கையால எழுதி வச்சது அந்த ஒரு உசுரத்தான். அதையும் எடுத்துராதீங்கப்பா."

நவீன் குனிந்து தன் பையை எடுத்துக்கொண்டார்.

ரயிலுக்குக் கிளம்பும்போது நவீன் வாசலில் நின்று, "சரிக்கா. பூரணி இருக்கட்டும். ஆனா முடிவு இப்ப இருக்கற மாதிரி இருந்தா ஜெசி அக்காவுக்கும் அது பெருமை இல்ல. நீங்க எழுதிக் குடுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். "எழுதறேன்" என்றேன். அதுவரை தனியாக ஒரு வசனம்கூட எழுதியதில்லை நான்.

எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன், பஸ்ஸில் எழுதினேன். பூரணியைப் பாட வைத்துப் பார்த்தேன், ராணியாக்கிப் பார்த்தேன், எல்லாமே அசட்டுத்தனமாக இருந்தது. பிறகுதான் நம் தொடரின் கடைசிச் சண்டைகளை வரிசையாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். விழுந்த மந்திரி ஏன் எல்லாப் பாகத்திலும் சிறகு முளைத்து எழுந்து வருகிறார்? அவர் காயத்தோடு கிடக்கிறார், அவரை யாரும் தொடவில்லை, அதனால் வருகிறார். பூரணி அங்கே நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வாள்? அவளால் சும்மா நிற்க முடியுமா?

அவ்வளவுதான் ஜெசி, அதன் பிறகு கை நிற்கவில்லை. மந்திரி விழுகிறார். வானம் கறுக்கிறது, பூமி நடுங்குகிறது, முதுகில் சிறகு முளைக்கத் தொடங்குகிறது. ஆடுகிறவர்கள் எல்லாரும் அடுத்த சண்டைக்கு விரலை இறுக்குகிறார்கள். பூரணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, படியேறி அவரிடம் போகிறாள். "மொதல்ல உக்காருங்க" என்கிறாள். அவர் முறைக்கிறார். "உக்காருங்கன்னேன்." மந்திரி உட்கார்ந்துவிடுகிறார். பிறகு அவள் நம் பக்கம் திரும்பி, பையில் இருக்கிற மருந்தையெல்லாம் கேட்கிறாள்.

கடைசிச் சண்டைக்கு ஆகும் என்று நல்ல மருந்தையெல்லாம் தொடாமல் சேர்த்து வைக்கிற புத்தி எல்லா ஆட்டக்காரர்களுக்கும் உண்டு. நீயும் அப்படித்தான், உன் வீரன் சாகக் கிடந்தாலும் எடுக்கமாட்டாய். அந்த மருந்தைத்தான் அவள் கேட்கிறாள், எதிரியின் காயத்துக்கு. ஒவ்வொரு குப்பியாக நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கக் கொடுக்கச் சிறகு உதிர்கிறது. கடைசிக் குப்பி தீரும்போது அங்கே ஒரு வயதான, களைத்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். காயம் ஆறிவிட்டது, கதை முடிந்துவிட்டது.

டெஸ்ட் முடிந்த அன்று மாலை நவீன் கூப்பிட்டார். "அக்கா, மருந்தக் குடுன்னு பூரணி கேட்டப்ப பசங்க மொதல்ல சிரிச்சாங்க. கடைசிக் குப்பியக் குடுக்கறப்ப ஒருத்தரும் பேசல. ஒரு பொண்ணு குடுக்க மனசில்லாம போனைக் கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அப்பறம் குடுத்துச்சு." கடைசியாகச் சொன்னார். "சிலை வேண்டாம்க்கா."

கேம் வந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். பறக்கும் கப்பலை எதிர்பார்த்தவர்களுக்குப் பரிசல் கிடைத்ததில் வருத்தம். "யாருமே சாகாத கதைல என்ன இருக்கு?" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் பதில் எழுதவில்லை. நீயாக இருந்தால் ஒரு மணி நேர வீடியோவே போட்டிருப்பாய்.

ஆனால் இதைக் கேள். போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பரில் ஏறினேன். எனக்கு முன்னால் கல்லூரிப் பெண்கள் இருவர். ஒருத்தி பரீட்சையில் போய்விட்டது போல, "என் வாழ்க்கையே முடிஞ்சுதுடி" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கூட வந்தவள் அவள் தோளை அழுத்திச் சீட்டில் உட்கார வைத்து, "மொதல்ல உக்காரு. அப்பறம் சாகலாம்" என்றாள். அழுதவள் அழுகையோடே சிரித்துவிட்டாள்.

இதை எழுதியது என் சிநேகிதி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர்கள் மாம்பழச் சாலையில் இறங்கிப் போனார்கள். எனக்குத்தான் ராஜகோபுரம் ஸ்டாப் வந்ததும் தெரியவில்லை, கண்டக்டர் குரல் கொடுத்த பிறகு இறங்கினேன். நீ எழுதிய வசனம், அதை எழுதியது யார் என்று தெரியாத ஒருத்தியின் வாயில் இருக்கிறது ஜெசி. இதைவிட ஒரு எழுத்துக்கு என்ன வேண்டும்?

அம்மாவும் ஆடுகிறார், தெரியுமா? உன் டேப்லெட்டில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார். சேறு முழுக்க அள்ளி முடித்தாயிற்று. ஆனால் முதல் ஊரைவிட்டு இன்னும் கிளம்பவில்லை. படகுக்காரர், உப்பு விற்கிறவர், சலவைக்காரி, நொண்டிக் குதிரைக்காரன் என்று ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் நீ எழுதியது. ஒரே ஆளிடம் மறுபடி பேசினால் வேறு ஒன்று சொல்லும்படி எழுதி வைத்திருக்கிறாய், எனக்கே தெரியாது.

"அந்த உப்புக்காரன் இன்னிக்கு மாமியாரப் பத்திச் சொன்னான் சுமதி. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது" என்றார் போன சனிக்கிழமை.

"அடுத்த ஊருக்குப் போங்கம்மா. அங்கயும் அவ எழுதினதுதான் இருக்கு."

"இரு, போலாம். இங்க இன்னும் அவ பேசி முடிக்கல."

அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நான் எதுவும் சேர்க்கவில்லை.

இனி என் வாக்கு. நவீன் இரண்டாம் பாகம் கேட்டிருக்கிறார். நான் சம்மதித்துவிட்டேன். உலகம் மாறும், ஆறு மாறும், மந்திரி வேறு முகத்தோடு அதே மீசையோடு வருவார். பூரணியும் வருவாள். மலை ஏறச் சொன்னால் திட்டுவாள், குழம்பைப் பற்றிப் பேசுவாள், கடைசிவரை உயிரோடு இருப்பாள். அடுத்த பாகத்திலும் இருப்பாள், அதற்கடுத்த பாகத்திலும் இருப்பாள். என் கை எழுதும் வரை நான் எழுதுவேன். அதற்குப் பிறகு எழுதுகிறவர்களிடம் உன் கண்டிஷனைச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பேன். ஒருநாள் யாரோ ஒருவர் சலித்துக்கொண்டு, "இந்தத் தொடர்ல எப்பப் பாத்தாலும் இதே கதைதான், அந்தப் பொம்பள சாகவே மாட்டா" என்று எழுத வேண்டும். அப்படிச் சலித்துக்கொள்ளும் அளவுக்கு இந்தத் தொடரை நீளமாகக் கொண்டுபோவேன். சத்தியம்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகளாகிவிட்ட,
சுமதி
ஸ்ரீரங்கம்